ஒரு பருப்புக்கு எவ்வளவு மருந்து

ஆடி பிறந்து நல்லதாக ஒரு மழை விழுந்தால், மேல்மலையனூர், வளத்தி, அவலூர்பேட்டைப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் விதைப்பதம் சில நாள்தான் நிற்கும். அதற்குள் ஏர் ஓட்டி மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, போட்டாக வேண்டும். அந்த நாட்களின் காட்சி எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒன்றாகவே இருந்தது. திண்ணையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் உடைப்பார்கள். முறத்தில் சொத்தையும் சுருங்கலும் தனியே ஒதுங்கும். பொறுக்கிய பருப்பைச் சாக்கில் கொட்டி, மேலே மருந்துத் தூளைத் தூவி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். தூள் நெடி மூக்கில் ஏறும், விரலிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். சாக்கைப் பிரித்தால் மேலே கிடக்கும் பருப்பில் தூள் அப்பியிருக்கும். நடுவில் இருப்பது வெறும் தோலோடு பளபளக்கும். அடியில் ஒரு கைப்பிடி தூள் எதிலும் ஒட்டாமல் தங்கியிருக்கும். அதையும் அள்ளி விதையோடு சேர்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போவார்கள். விதைநேர்த்தி என்று எங்கள் பக்கம் அறிந்தது இதைத்தான்.

பெரிய அளவில், இயந்திரத்தில் விதைநேர்த்தி செய்வதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்தச் சாக்குதான் நினைவுக்கு வருகிறது. மணிக்குப் பத்து டன் ஓட்டும் ஆலைக்கு என்ன சிக்கலோ அதுவே அந்தச் சாக்குக்குள்ளும் இருந்தது. நிலக்கடலை விதைக்குக் கிலோவுக்கு 2 கிராம் கார்பன்டசிம் பூஞ்சணக்கொல்லி என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. 25 கிலோ பருப்புக்கு 50 கிராம் தூள் போட்டவர்கள் கணக்கில் தவறவில்லை. மொத்தத்துக்குச் சரியான அளவு உள்ளே போயிருக்கிறது. ஆனால் மண்ணுக்குள் மொத்தம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பருப்பும் தனியாகத்தான் விழுகிறது, தனியாகத்தான் முளைக்கிறது, தனியாகத்தான் அழுகுகிறது. விதைநேர்த்தியின் துல்லியத்தை ஒரு பருப்பை வைத்து அளக்க வேண்டும். அதன் கொள்திறனை விதைப்புக்குக் கிடைக்கும் நாட்களை வைத்து அளக்க வேண்டும். இரண்டையும் டன் கணக்கில் அளப்பதால்தான், ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைந்தே தீரும் என்கிற எண்ணம் இவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் தவறு என்பது என் முடிவு. ஏன் தவறு என்பதற்குக் கணக்கும் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது.

முதலில் கணக்கு. எங்கள் பக்கம் விதைக்கும் கொத்து ரகங்களில் நூறு பருப்பு ஏறத்தாழ 40 கிராம் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 2,500 பருப்பு. கிலோவுக்கு 2 கிராம் என்பதை 2,500ஆல் வகுத்தால் ஒரு பருப்புக்கு 0.8 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் நூற்றில் ஒரு பங்குகூட வராத அளவு அது. ஏக்கருக்கு 50 கிலோ விதை என்றால் 1,25,000 பருப்பு. அத்தனைக்கும் அந்த 0.8 மில்லிகிராம் போய்ச் சேர வேண்டும். இப்போது இரண்டு மூட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் எல்லாப் பருப்பிலும் 0.7 முதல் 0.9 வரை இருக்கிறது. மற்றதில் பாதிப் பருப்பில் 1.6, பாதியில் ஒன்றுமே இல்லை. இரண்டிலிருந்தும் ஒரு கிலோ எடுத்துக் கழுவி ஆய்வகத்தில் சோதித்தால் வருவது ஒரே விடை: கிலோவுக்கு 2 கிராம், சரி. ஆனால் இரண்டாவது மூட்டையை விதைத்த ஏக்கரில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பருப்பு எந்தக் காப்பும் இல்லாமல் மண்ணில் கிடக்கிறது. கழுத்தழுகலும் வேரழுகலும் அவற்றைத்தான் தேடி வரும். மருந்து மிகையாக ஏறிய பாதியிலோ, பிஞ்சு வேர் மண்ணைத் தொடுவதற்கு முன்பே அந்த மருந்தோடு போராட வேண்டியிருக்கிறது. முளைப்பு தாமதமாவதற்கும், நாற்று குட்டையாகத் தேங்கி நிற்பதற்கும் அது காரணமாகலாம். வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் என்ற இடைவெளியில் சதுர மீட்டருக்கு 33 செடி நிற்க வேண்டிய கொல்லையில் திட்டுத்திட்டாகச் சொட்டை விழும்போது, விதை சரியில்லை, மழை சரியில்லை என்று பேசுவார்கள். சராசரி சரியாக இருந்ததால் மருந்தின்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. நெல்லுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. கிலோவுக்கு நாற்பது, ஐம்பதாயிரம் மணி. சான்று விதையில் ஒரு குவியல் 20 டன் வரை போகலாம் என்கிறது விதி. அப்படி ஒரு குவியலில் எண்பது கோடிக்கும் மேற்பட்ட நெல்மணிகள் ஒரே எண்ணின் கீழ் நிற்கும்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். இன்று தொழில்முறை நேர்த்தியில் பெரும்பாலும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் விதை நிற்காமல் திரையைப் போல விழுந்துகொண்டே இருக்க, நடுவில் சுழலும் தட்டிலிருந்து மருந்து நுண்துளியாகச் சிதறி அதன்மேல் படும். பிறகு உருளைக்குள் புரண்டபடி அது வெளியேறும். இன்னொன்றில் தொட்டி தொட்டியாக வேலை நடக்கும். எடைபோட்ட விதை வட்டமான பாத்திரத்துக்குள் விழும். பாத்திரத்தின் அடிப்பாகம் சுழலத் தொடங்கியதும் விதை சுவரோரம் ஏறி, மேலே போய் உள்பக்கமாகச் சுருண்டு மறுபடி அடிக்கு வரும். சுவரோடு ஒட்டிய தகடுகள் அதைத் திருப்பிவிடும். நடுவில் வேகமாகச் சுழலும் சிறு தட்டின்மேல் மருந்துக் கூழ் விழுந்து புகைபோலப் பறந்து அந்த விதைச்சுருள்மேல் படியும். மூடியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் முதல் சில நொடி புள்ளி புள்ளியாகத்தான் நிறம் தெரியும். பிறகு விதையோடு விதை உரசி, ஒன்றில் மிகுந்தது மற்றதற்கு மாறி, நிறம் ஒரே சீராகும். துளி படுவது பாதி வேலை, உரசிப் பகிர்ந்துகொள்வது மறுபாதி. சாக்கில் நடக்காமல் போனது இந்த மறுபாதிதான்.

இந்த உரசலுக்கு வேண்டிய நொடிகளைக் குறைக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வருவதன் மையம். ஓட்டத்தைக் கூட்டச் சொன்னால் பலரும் முதலில் கை வைப்பது அந்த நொடிகளில்தான். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்க்கலாம். 100 கிலோ பிடிக்கும் தொட்டி. விதையை நிறுக்க 20 நொடி, கலக்க 20 நொடி, கொட்ட 10 நொடி. ஆக 50 நொடிக்கு ஒரு தொட்டி, மணிக்கு 72 தொட்டி, 7.2 டன். கலக்கும் நேரத்தைப் பாதியாக வெட்டினால் 40 நொடி, மணிக்கு 9 டன். ஓட்டம் கூடிவிட்டது, பருப்புக்குப் பருப்பு அளவு குலைந்துவிட்டது. அதற்குப் பதிலாகத் தொட்டிக்கு மேலே இன்னொரு எடைத்தொட்டியை வைத்து, கீழே கலக்கும்போதே மேலே அடுத்த 100 கிலோவை நிறுத்துத் தயாராக வைத்தால், நிறுக்கும் 20 நொடி கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. 30 நொடிக்கு ஒரு தொட்டி, மணிக்கு 120 தொட்டி, 12 டன். விதையும் மருந்தும் சேர்ந்து புரண்ட 20 நொடி அப்படியே இருக்கிறது. ஓட்டம் மூன்றில் இரண்டு பங்கு கூடியிருக்கிறது, ஒரு பருப்புகூட இழந்தது எதுவுமில்லை. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சலுக்குப் பல்லாயிரம் பேர் கூடும்போது சந்நிதிக்கு முன் ஒருவர் நிற்கும் நேரம் குறைந்தே ஆக வேண்டியிருக்கிறது. கூட்டத்துக்கு வேறு வழியில்லை. விதைக்கு வழி இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தை வெட்டலாம், சந்நிதி நேரத்தை விட்டுவிடலாம்.

அப்படிக் காத்திருக்கும் நேரம் ஒரு நிலையத்தில் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடினால் வியப்பாக இருக்கும். மூட்டை மாற்றும்போது இயந்திரம் நிற்கிறது. தைக்கும் ஆள் தண்ணீர் குடிக்கப் போனால் இயந்திரம் நிற்கிறது. மேல்தொட்டி காலியாகி ஏற்றி வாளிகள் வெறுமனே சுற்றும்போது நிற்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் வகை இயந்திரத்தில் இப்படி நிற்பது நேரத்தை மட்டும் தின்பதில்லை, துல்லியத்தையும் தின்கிறது. விதை நிற்கும் கணமும் மருந்து நிற்கும் கணமும் ஒன்றாக அமைவதில்லை. நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் மருந்தில்லாத விதை கொஞ்சம், மருந்து மிகுந்த விதை கொஞ்சம் மூட்டைக்குள் போகிறது. ஆகவே இயந்திரத்துக்கு முன்னும் பின்னும் போதுமான அளவில் ஒரு இடைத்தொட்டி வைப்பதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அதில் மோட்டார் இல்லை, கணினி இல்லை, வெறும் தகரமும் கோணச் சட்டமும்தான். ஆனால் ஒரே செலவில் ஓட்டமும் கூடுகிறது, நின்று கிளம்பும் பிழையும் குறைகிறது. மருந்து ஊட்டுவதிலும் இப்படித்தான். கூழைப் பம்பின் சுற்று எண்ணிக்கையை நம்பி ஊட்டுவது எளிது. ஆனால் காலையில் கலக்கிய கூழ் மதியத்துக்குள் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடுகிறது, நுரை கட்டுகிறது, வெயிலில் இளகுகிறது. கன அளவு அதேதான். அதற்குள் இருக்கும் மருந்து வேறு. கூழ்ப்பாத்திரத்தையே எடைக்கருவியின்மேல் வைத்து, குறைந்த எடையைக் கொண்டு ஊட்டினால் நுரையும் வெயிலும் கணக்கைக் கெடுக்க முடியாது. அடியில் படிவதைத் தடுக்கத்தான் கலக்கி நிற்காமல் சுற்ற வேண்டும். ஓட்டம் கூடக்கூட எடை பார்த்து ஊட்டுவது வசதி என்ற நிலையிலிருந்து கட்டாயமாகிறது. மணிக்கு அரை டன் ஓட்டுபவர் ஒரு பிழையைக் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. மணிக்கு 12 டன் ஓடும்போது ஐந்து நிமிடம் கவனிக்காமல் விட்ட பிழை ஒரு டன் விதையாகிவிடும்.

நேர்த்திக்கு முந்தைய வேலையைப் பற்றி ஆட்கள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். தூசும் தோல்சருகும் எடையில் கொஞ்சம்தான், ஆனால் பரப்பில் மிக அதிகம். நேர்த்தித் தொட்டிக்குள் அவை போனால் விதைக்கு வைத்த மருந்தைத் தங்கள் பங்குக்கு மேல் குடித்துவிட்டு, பிறகு உதிர்ந்து மூட்டையின் அடிக்குப் போகும். திண்ணைச் சாக்கின் அடியில் கிடந்த கைப்பிடித் தூள் ஞாபகத்துக்கு வர வேண்டும். இதன் விளைவை உலகம் பெரிய அளவில் பார்த்தது 2008 மே மாதம், ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில். குளோதியானிடின் என்ற பூச்சிக்கொல்லி ஏற்றிய மக்காச்சோள விதையில் மருந்து சரியாக ஒட்டவில்லை. காற்றழுத்தத்தில் இயங்கும் விதைப்புக் கருவிகள் உரசி உதிர்ந்த தூசை வெளியே ஊதின. பூத்திருந்த செடிகள்மேல் அது படிந்தது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 11,000க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. ஒரு டன் விதைக்கு இத்தனை மருந்து என்ற அளவு மட்டும் சரியாக இருந்து என்ன பயன்? ஒட்டாத மருந்து விதையில் இருப்பதாகவே கணக்கில் கொள்ளக் கூடாது. அதன் பிறகுதான் ஐரோப்பாவில் நேர்த்தி செய்த விதையைக் குலுக்கி, உதிரும் தூசை வடிகட்டியில் பிடித்து நிறுக்கும் சோதனை ஆலைகளில் அன்றாட வேலையாகப் பரவியது. சல்லடையும் காற்றுத் தூற்றியும் நேர்த்தி இயந்திரத்தின் பகுதிகள்தான் என்று நான் சொல்வேன். பெரியதும் சிறியதும் கலந்த குவியலில் எவ்வளவு நல்ல இயந்திரமும் பருப்புக்குப் பருப்பு சீராக மருந்தேற்ற முடியாது. முதலில் தரம் பிரித்தால்தான் பிறகு கிலோ கணக்கு பருப்புக் கணக்காகும்.

மல்லாட்டைக்கென்று தனிச் சிரமம் ஒன்று உண்டு. நெல்லுக்கு உமி இருக்கிறது, மக்காச்சோளத்துக்குக் கெட்டியான தோல் இருக்கிறது. மல்லாட்டைப் பருப்புக்கு இருப்பது வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு தோல். அது கிழிந்தால் உள்ளே இரண்டு பருப்பிதழ். பிளந்தால் இரண்டு பாதி, விதை இல்லை. நுனியில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதுதான் முளை. அது நசுங்கினால் பருப்பு முழுதாக இருந்தும் உயிர் இல்லை. ஆகவே கலக்கும் வேகத்தைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்ற வழி இங்கே முதலிலேயே அடைபடுகிறது. ஈரமும் கணக்குப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். கிலோவுக்கு 10 மில்லி கூழ் என்றால் எடையில் நூற்றுக்கு ஒன்று ஈரம் கூடுகிறது. சான்று விதைக்கு மல்லாட்டையில் 9 சதம்தான் ஈரப்பத எல்லை. எல்லையை ஒட்டி நிற்கும் விதைக்கு அந்த ஒரு சதமே அதிகம். மெல்லிய தோல் நனைந்தால் சுருங்கி உரியும். ஆகவே நெல் விதை ஆலையில் ஓடும் அளவுகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் முளைப்புத்திறன் விழும். சான்றுக்கு வேண்டிய 70 சதத்துக்குக் கீழேகூடப் போகலாம். இதற்கும் மேலே, பருப்பைக் காயிலிருந்து உடைத்துவிட்டால் அதன் ஆயுள் வேகமாகக் குறைகிறது. களஞ்சியத்தில் அடைத்து வைக்க முடியாது. செஞ்சிக் கோட்டையில் ராஜகிரிக்குக் கீழே நிற்கும் அந்தப் பெரிய வளைகூரைக் களஞ்சியங்கள் முற்றுகைக் காலத்துக்கு உணவைக் காத்தன. உணவுக்கு உயிர் வேண்டியதில்லை. விதைக்கு வேண்டும். ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக நேர்த்தி செய்து அடுக்கி வைக்கும் வழி மல்லாட்டைக்கு இல்லாததால்தான் கொள்திறன் என்ற பேச்சே எழுகிறது.

எவ்வளவு கொள்திறன்? ஆயிரம் ஏக்கருக்கு 50 டன் பருப்பு. ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு 1.25 டன். இது பெரிய இயந்திரம் இல்லை. பத்தாயிரம் ஏக்கருக்கும் அதே ஐந்து நாள் என்றால் மணிக்கு 12.5 டன் வேண்டும். அப்போது ஒரே பெரிய இயந்திரமா, ஊர் ஊராகப் பத்துச் சிறிய இயந்திரங்களா என்ற கேள்வி வருகிறது. எங்கள் பக்கத்துக்குப் பல சிறியவைதான் பொருந்தும் என்பது என் எண்ணம். மழை எல்லா ஊரிலும் ஒரே நாளில் பெய்வதில்லை. வளத்தியில் பதம் இருக்கும்போது அவலூர்பேட்டையில் புழுதி பறக்கும். இன்னொரு உண்மையும் இந்தக் கணக்கில் வெளிப்படுகிறது: மணிக்கு ஒரு டன் பருப்பு நேர்த்தி செய்ய முடிந்தாலும், மணிக்கு ஒரு டன் பருப்பு உடைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? கையால் உடைக்கும் பெண்களின் விரல்களே விதைப்பருப்பின் மிகத் துல்லியமான கருவி. உடைப்பு இயந்திரத்தின் சல்லடைக் கண்ணும் இடைவெளியும் காயின் பருமனுக்குப் பொருந்தாவிட்டால் தோல் கிழிந்த பருப்பு குவியும். கிழிந்த இடத்தில் பூஞ்சணமும் நுழையும், மருந்தும் அளவுக்கு மேல் நுழையும். நேர்த்தி இயந்திரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை நல்ல உடைப்பு இயந்திரத்துக்குக் கொடுக்காமல் கொள்திறனைக் கூட்டியதாகச் சொல்வது வீண் பேச்சு.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது முதலில்: உழவர் தன் வீட்டிலேயே செய்யக்கூடியதை ஏன் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும்? சொந்த விதை, சொந்தக் கை, சொந்தச் சுதந்திரம். இந்த உணர்வை நான் மதிக்கிறேன். கைப்பிடி வைத்த சாய்வு உருளையில் பத்து, இருபது கிலோவாகப் போட்டு நிதானமாகச் சுற்றினால் சாக்கைவிட எவ்வளவோ சீராக ஒட்டும் என்பதும் உண்மை. ஆனால் மழை பெய்த மறுநாள் காலையில் அந்த நிதானம் யாருக்கும் இருப்பதில்லை. மேலும் கிராமக் கடையில் 50 கிராமைச் சரியாக நிறுக்கும் தராசு கிடைப்பதே அரிது. பொட்டலத்தில் பாதி, மூடியில் ஒன்று என்றுதான் அளவு போகிறது. கையுறை இல்லாமல் பிசையும் கைகளும், தூளை மூச்சில் இழுக்கும் பெண்களும் அந்தச் சுதந்திரத்தின் விலையைக் கட்டுகிறார்கள். ஒரு பகுதியை மட்டும் ஊரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: உயிருள்ளவற்றை. ரைசோபியமும் பாஸ்போபாக்டீரியாவும் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதைக்கிற அன்றே பூசி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டியவை. மூட்டைக்குள் வாரக்கணக்கில் அவை நிலைத்து நிற்கும் என்று நம்புவது விதைக்கு நல்லதல்ல. டிரைக்கோடெர்மா கிலோவுக்கு 4 கிராம் போடுகிறவர் கார்பன்டசிம்மை அதே விதையில் போடக் கூடாது. கார்பன்டசிம் பூஞ்சணக்கொல்லி, டிரைக்கோடெர்மா பூஞ்சணம். எனவே நிலையத்தில் மருந்து, திண்ணையில் உயிர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். இயற்கை வழியில் பயிர் செய்கிறவர் நிலையத்தில் தரம் பிரிப்பதை மட்டும் செய்துகொண்டு போகலாம்.

இரண்டாவது மறுப்பு அச்சத்திலிருந்து வருவது: மருந்தேற்றிய விதை மலைமலையாகக் குவிந்தால், விற்காமல் மிஞ்சியது எங்கே போகும்? எண்ணெய்ச் செக்குக்கா, கோழித் தீவனத்துக்கா? அச்சம் நியாயமானது. 1971 இறுதியில் இராக் நாட்டுக்கு வந்த கோதுமை, வாற்கோதுமை விதையில் மெத்தில் பாதரசம் ஏற்றியிருந்தார்கள். எச்சரிக்கை ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. வாங்கியவர்கள் படித்த மொழிகள் வேறு. சிவப்புச் சாயத்தைத் தண்ணீரில் கழுவினார்கள். சாயம் போனதால் நஞ்சும் போனது என்று எண்ணி அரைத்து ரொட்டி சுட்டார்கள். 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர், 459 பேர் இறந்தனர் என்பது பதிவான கணக்கு. இதிலிருந்து பலரும் எடுக்கும் பாடம் பெரிய அளவில் மருந்தேற்றக் கூடாது என்பது. நான் இன்னொன்றையும் பார்க்கிறேன். அந்த விதையில் பெரும்பகுதி விதைப்பு முடிந்த பிறகே ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. விதைக்க வேண்டிய நாளில் வராத விதைதான் சமையலறைக்குப் போனது. மெதுவாகச் செய்தால் பாதுகாப்பு என்பவர்களுக்கு இது ஒரு பதில்: பருவம் தவறி வரும் மருந்து விதையைவிட ஆபத்தானது வேறில்லை. கொள்திறன் போதுமானதாக இருந்தால் முன்கூட்டியே கணக்கின்றிக் குவிக்கத் தேவையில்லை. பதிவு செய்தவருக்கு மட்டும், மழைக்குப் பிறகு, கேட்ட அளவு நேர்த்தி செய்து கொடுக்கலாம். எந்த மருந்து என்ற பெயரும், உணவுக்கும் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் மூட்டையில் இருக்க வேண்டும் என்று 1968ஆம் ஆண்டின் விதை விதிகளே சொல்கின்றன. அது தமிழில், தொலைவிலிருந்து படிக்கும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் வற்புறுத்தல்.

மூன்றாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. அதில் பாதி உண்மை. திண்டிவனத்து ரகம் ஒருவருக்கு, விருத்தாசலத்து ரகம் இன்னொருவருக்கு, கதிரி ரகம் மூன்றாமவருக்கு என்று ஐந்து மூட்டை, பத்து மூட்டையாக வரும் இடத்தில், ரகம் மாறும் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். பழைய ரகத்துப் பருப்பு மாறி விழுந்தால் இனத்தூய்மை கெடும். மணிக்கு ஒரு டன் என்று விற்ற இயந்திரம், நாலு முறை துடைப்பதற்குள் அரை டன்னாகிவிடும். ஆனால் இதுவும் மெதுவாகப் போக வேண்டும் என்பதற்கான வாதமாக எனக்குப் படவில்லை. கைக்கு எட்டும் கதவுகளும், மூலையில் பருப்பு தங்காத வளைவான அடிப்பாகமும், சட்டென்று கழற்றி மாட்டும் குழாயும் உள்ள இயந்திரத்தை வாங்க வேண்டும் என்பதற்கான வாதம் அது. விலைப்பட்டியலில் மணிக்கு எத்தனை டன் என்று கேட்பவர்கள், ஒரு ரகத்திலிருந்து அடுத்த ரகத்துக்கு மாற எத்தனை நிமிடம் என்றும் கேட்க வேண்டும். அரசின் விதை சுத்திகரிப்பு நிலையமானாலும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமானாலும், ஒரே ரகம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே நாளை ஒதுக்கினாலே இழந்த டன்களில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

ஆனி மாதத்திலேயே, மழைக்கு முன், செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பம்பைத் தண்ணீரில் அல்ல, அந்தப் பருவத்துக்கான கூழிலேயே ஒரு நிமிடம் ஓட்டி, விழுந்ததைப் பாத்திரத்தில் பிடித்து நிறுக்க வேண்டும். மூன்று முறை செய்து மூன்று எடையும் ஒட்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பருவம் தொடங்கிய பிறகு மணிக்கு ஒருமுறை, ஓடுகிற மூட்டையிலிருந்து நூறு பருப்பு எடுத்து வெள்ளைத் துணியில் பரப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரிவது மருந்தோடு கலந்த சாயம்தான். சாயம் வேறு, மருந்து வேறு. ஆகவே அதே குவியலிலிருந்து இன்னொரு நூறு பருப்பு, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சோதிக்கப்பட, ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அந்த விடை வர நாளாகும். அதுவரை கையில் இருப்பது துணிமேல் கிடக்கும் நூறுதான். அதில் பிளந்தது எத்தனை, மூக்கு உடைந்தது எத்தனை, நடுச்சாக்குப் பருப்பு மாதிரி வெறும் தோலோடு பளபளப்பது எத்தனை என்று எண்ணி, குவியல் எண்ணுக்கு நேராக எழுதி, ஓட்டுகிறவர் கையெழுத்துப் போட வேண்டும்.